பழைய கேரவனைச் சீரமைத்தல்

கேரவன் என்பது படுக்கை, சமையலிடம், கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட ஊர்தி ஆகும். தமிழ்நாட்டில் இது திரைப்படப் படப்பிடிப்புகளில் பரவலாகப் பயன்படுகிறது. பழைய கேரவனில் உரிமையாளர் முதலில் கவனிக்க வேண்டியவை மூன்று.

கூரை: சன்னல் ஓரங்களில் உள்ள பசை வெயிலில் வெடிப்பதால் மழைநீர் கசிந்து, உட்புற ஒட்டுப்பலகை மட்கும். பழைய பசையை முழுவதும் சுரண்டிய பிறகே புதியதைப் பூச வேண்டும்.

மின்சாரம்: விளக்கு, விசிறி ஆகியவற்றை எஞ்சின் பேட்டரியில் இணைத்தால், அது இறங்கி வண்டி கிளம்பாமல் போகலாம். எனவே தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி தேவை. ஈய அமில பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.1 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. அடிக்கடி அதற்குக் கீழே இறங்கினால் ஆயுள் குறையும். நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையெனில் ஒயர் உரசித் தீப்பற்றக்கூடும்.

சமையல் எரிவாயு: இது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துளை அவசியம். கசிவைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது. குழாய் இணைப்பு வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நன்று.

பழுதுநீக்கம் வேறு, மாற்றியமைத்தல் வேறு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி ஊர்தியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது.