ஏவிஎம் ஸ்டுடியோ முதலில் சென்னையில் இல்லையா? காரைக்குடி கொட்டகையின் கதை!

பொங்கல்னா அவனியாபுரத்துக்கு ஜல்லிக்கட்டுதான். ஆனால் 1947 பொங்கலுக்கு மதுரைக்காரர்கள் பெருமைப்பட இன்னொரு விஷயமும் இருந்தது: 'நாம் இருவர்' படம். ஹீரோ டி.ஆர்.மகாலிங்கம், சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். ஷூட்டிங் நடந்ததோ, அவனியாபுரத்திலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்குடியில்!

ஏன் காரைக்குடி?

காரணம், கரன்ட். இரண்டாம் உலகப்போர் காலத்தில் சென்னையில் மின்சாரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. புது ஸ்டுடியோ தொடங்க வழியில்லை. 1945-ல் ஏவிஎம் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்பன், சொந்த ஊருக்கே கிளம்பிவிட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் வாடகை இடம், அதில் தற்காலிகக் கொட்டகைகள். அதுதான் ஸ்டுடியோ. சென்னையிலிருந்து தினமும் வந்துபோக முடியாதே? நடிகர்களும் டெக்னீஷியன்களும் இங்கேயே தங்கித்தான் வேலை பார்த்தார்கள்.

தங்கி வேலை பார்க்கும் ஸ்டுடியோ என்றால் உலகம் சொல்வது வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு. வார்டு சகோதரர்கள் 1960-களில் தங்கள் பண்ணையையே ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றினார்கள். குயின் குழு 'போஹீமியன் ராப்சடி'க்காக 1975-ல் வேலை செய்தது அங்கேதான். அது பாட்டுக்கு, இது சினிமாவுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் தங்கி வேலையை முடிப்பது என்பதை காரைக்குடி அதற்கு முன்பே செய்துவிட்டது. என்ன, இங்கே அது ஐடியா இல்லை, வேறு வழியில்லாமல் செய்தது.

காது முக்கியம்

மெய்யப்பன் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்திலிருந்து வந்தவர். 'ஸ்ரீவள்ளி'யில் (1945) நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராததால், பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து உதட்டசைவுக்குப் பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு இது ஆரம்பகால உதாரணம்.

'நாம் இருவர்' படத்துக்கோ பாரதியார் பாடல்களின் உரிமையையே வாங்கினார். இசை ஆர்.சுதர்சனம், குரல் டி.கே.பட்டம்மாள், ஆடியது குமாரி கமலா. சுதந்திரம் வந்தேவிட்டதாகக் கொண்டாடும் பாட்டு தியேட்டர்களில் ஒலித்தபோது, ஆகஸ்ட் 15-க்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது!

போர் முடிந்து நிலைமை மாறியதும், 1948-ல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே பாரதி பாடல்களின் உரிமையை மெய்யப்பன் அரசிடம் கொடுத்துவிட்டார்.