முருங்கையிலை வறையும் கலத்தின் கருவும்
சண்டிலிப்பாய் வளவுகளில் வேலியோரத்து முருங்கையில் இலை ஒடித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறை செய்வார்கள். அந்த இலையைச் சத்து என்று மட்டும் சொல்வது போதாது. அது கலத்துக்குப் போகும் கட்டளையும்தான். இலையிலுள்ள பீற்றா கரோட்டீன் குடற்சுவரில் விற்றமின் ஏ ஆகிறது. அதில் ஒரு பங்கு ரெட்டினோயிக் அமிலமாகிக் கலத்தின் கருவுக்குள் நுழைகிறது. அங்கே டிஎன்ஏ மீது காத்திருக்கும் வாங்கிப் புரதத்தின் குழியில் அது பொருந்தியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அடங்கிக் கிடந்த பரம்பரையலகு வேலை தொடங்குகிறது. கண்ணின் மேற்படை வறளாமல் இருப்பது இந்தக் கட்டளையால்தான். பியர் ஷம்போன், ரொனால்ட் எவன்ஸ் ஆகியோரின் குழுக்கள் இவ்வாங்கியை 1987இல் தனித்தனியே கண்டறிந்தன.

அப்படியானால் கூடுதலாகத் தின்றால் கட்டளையும் மிஞ்சிக் கேடு வராதா என்று கேட்கலாம். விற்றமின் ஏ குளிசையை அளவுமீறி எடுக்கும் கர்ப்பிணியின் சிசுவுக்கு உறுப்புக் குறைபாடு வரக்கூடும். ஆகவே அச்சம் நியாயமானதே. ஆனால் இலை வேறு. விற்றமின் போதியளவு சேர்ந்ததும், அதே வாங்கியின் வழியாகவே குடல் கரோட்டீனைப் பிளக்கும் நொதியைக் குறைத்துக்கொள்கிறது. வறையில் தேங்காய்ப்பூவும் வெறும் சுவைக்கல்ல: கரோட்டீன் கொழுப்பில்தான் கரையும், கொழுப்பில்லாவிட்டால் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும்.