செட்டிநாட்டு வீட்டை அடைமழையில் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி என நகரத்தார் ஊர்கள் பல. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள், பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணத்தில் எழும்பியவை. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் அந்த வரவு வற்றியது. பல வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சில விலைக்கும் வருகின்றன.

மாசி வெயிலில் போனால் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் ஆளை மயக்கிவிடும். ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள். இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் நீர் ஒழுகுகிறதா? அதன் கீழுள்ள கைமரம் கறுத்திருக்கிறதா? வளவு முற்றத்தில் விழும் நீர் தேங்காமல் வெளியேறுகிறதா? பழைய வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது வயதல்ல, ஈரம்.

நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறும். இதை ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சுக்கும் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். அந்தப் பூச்சின்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஓதம் இன்னும் உயரே ஏறுகிறது. அதில் கரைந்து வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. சுவருக்குள் செருகிய உத்திர முனை இற்றுப்போகிறது. 'பலப்படுத்துகிறோம்' என்று செய்யும் வேலைதான் பல வீடுகளைக் கெடுக்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறக்குறைய இதே கெடுதலைச் செய்யும்.

சுண்ணாம்பின் வேதியியல் அழகானது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமிலவாயு பிரிந்துபோகும். நீர் ஊற்றி நீற்றிப் பூசியபின், அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. மயிரிழை வெடிப்புகளில் மழைநீர் புகுந்தால், கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அவற்றை அடைப்பதும் உண்டு. கலவையில் சேரும் வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய கடைசிப் பூச்சு கண்ணாடிபோல் மின்னும். அதில் அழுக்கேறினால் ஆசிட் தொடவே கூடாது. சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லையும் தண்ணீரால் மட்டுமே துடையுங்கள்.

தேக்கை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். கரையானை விரட்டும் வேதிப்பொருள் வைரம் பாய்ந்த உட்பகுதியில்தான் மிகுதி. வெளிர்நிற வெளிமரத்தைக் கரையான் அரிக்கும். கைப்பிடிச்சுவரில் முளைக்கும் அரசங்கன்றை மேலோடு கிள்ளினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

பத்திர விஷயம் தனித் தலைவலி. ஒரே வீட்டுக்கு ஏராளமான பங்காளிகள் இருப்பார்கள், பாதிப்பேர் வெளிநாட்டில். எல்லோரும் கையெழுத்திடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். ஆனால் அதை நம்பி ஓடு மாற்ற முடியாது. அந்தச் செலவு உங்களுடையது, வருடா வருடம், மழைக்கு முன்.

கிரையத்துக்கு முன்னால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் வெடிப்பைப் பார்த்தவுடன் "சிமெண்ட் வச்சு அடைச்சிரலாம்" என்றால், வேறு கொத்தனாரைத் தேடுங்கள்.