கிணறுகளின்மேல் எழுந்த கோயில்

கிணறு எதற்காகத் தோண்டப்படுகிறது என்று கேட்டால், நீர் பெறுவதற்கு என்றே எவரும் விடை கூறுவர். தருமபுரி மாவட்டத்தில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டும் உழவரும் அவ்வாறே கூறுவர். ஆயின், ஒரு பெருங்கட்டடத்தைத் தாங்குவதற்கென்றே தோண்டப்பெற்ற கிணறுகளும் உண்டு. அவற்றின்மேல் நிற்பதே சென்னை எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூஸ் ஆலயம்.

இதன் வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் ஸ்காட்லாந்தில் பிறந்து, உரோம் நகரில் பயின்று, இங்கிலாந்தில் புகழ் பெற்றவர். 1722 முதல் 1726 வரை அவர் இலண்டனில் எழுப்பிய புனித மார்ட்டின் ஆலயம், தூண்கள் தாங்கும் முகப்பும் அதன்மேல் உயரும் கூர்ங்கோபுரமும் உடையது. முதலில் அவர் அதனை வட்ட வடிவாக அமைக்கவே படம் வரைந்தார். செலவு மிகும் என்று அது கைவிடப்பட்டது. எனினும், 1728-இல் தாம் வெளியிட்ட நூலில் அப்படத்தையும் சேர்த்தார். அந்நூல் கடல் கடந்த நாடுகளிலும் கட்டடங்களுக்கு வழிகாட்டிற்று.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மக்களுக்கு ஓர் ஆலயம் வேண்டியதாயிற்று. கம்பெனியின் பொறியாளர் படையைச் சேர்ந்த தாமஸ் டி ஹாவிலண்டு அப்பணியை ஏற்றார். 1818 ஏப்ரல் 6ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. கிப்ஸின் முகப்பும் கோபுரமும் மட்டுமன்றி, இலண்டனில் கைவிடப்பட்டதைப் போன்ற வட்ட வடிவமும் இங்கு உருப்பெற்றது.

ஆனால், படம் சுவரின் வடிவைக் காட்டுமேயன்றி, அதன் கீழுள்ள மண்ணின் இயல்பைக் காட்டாது. பாறை நிலத்தில் சுவர் உறுதியாக நிற்கும். எழும்பூர் நிலமோ ஈரமும் இளக்கமும் உடையது. அதற்கு விடை தந்தது நம் நாட்டின் பழந்தொழிலாகிய உறைகிணறே. கீழடி, அரிக்கமேடு ஆகிய இடங்களின் அகழாய்வுகளில் பண்டைய உறைகிணறுகள் வெளிப்பட்டுள்ளன. உறையை நிலத்தில் வைத்து உள்மண்ணை அகழ அகழ, அது கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த உறையை ஏற்றுவர். இவ்வாறு உறுதியான மண்ணை எட்டலாம். ஆலயத்தின் அடியில் ஏறத்தாழ 150 கிணறுகள், 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை இறக்கப்பட்டன. அவற்றுக்கெனத் தனியே செய்த செங்கற்களும் சுடுமண் உறைகளும் பயன்பட்டன.

மேற்கூரைக்கும் மரம் நாடவில்லை. வெப்ப நாட்டில் மரத்தைக் கறையான் அரிக்கும். ஆதலின் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு குவிமாடம் கட்டி, 16 தூண்களின்மேல் நிறுத்தினர். தூண்களுக்குச் சென்னைச் சுண்ணச்சாந்து பளிங்கின் மெருகை அளித்தது. 1821-இல் ஆலயம் திறக்கப்பெற்றது.

இன்று அங்குச் செல்வோர் அண்ணாந்து கோபுரத்தை வியக்கின்றனர். கிப்ஸின் பெயரையும் ஹாவிலண்டின் பெயரையும் நூல்கள் போற்றுகின்றன. உறை இறக்கியோரும், சாந்து அரைத்தோரும், செங்கல் சுட்டோரும் பலர். அவர்களுடைய உழைப்பு, அக்கிணறுகளைப் போலவே, கண்ணுக்குப் புலப்படாமல் இருநூறு ஆண்டுகளாகக் கோபுரத்தைத் தாங்கி நிற்கிறது. உயர்ந்ததைக் காணும்போது, அதனைத் தாங்குவதையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.