கடல் இல்லாத ஊருக்கும் புயல் வரும்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கரையை அது கடக்கவே இல்லை. மறுநாள் ஆந்திராவின் பாபட்லா பக்கம்தான் கரையேறியது. ஆனாலும் பேசின் பிரிட்ஜ் – வியாசர்பாடி இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறிவிட்டதால், சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய கோவை எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட பல ரயில்கள் ரத்தாயின. ஓடுபாதை தண்ணீரில் மூழ்கி, சென்னை விமான நிலையம் மறுநாள் காலை 9 மணி வரை மூடிக் கிடந்தது. புயலின் மையத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோயம்புத்தூர்க்காரர்களின் பயணத் திட்டமும் அதோடு கலைந்தது.

புயல் என்றால் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும்தான் என்பது கொங்குப் பக்கத்தில் பரவலான நினைப்பு. வீட்டுக் கூரையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. விடுமுறைப் பயணத்தைப் பொறுத்தவரை சரியில்லை. வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் மும்முரமாக இருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் தீபாவளி, பள்ளிச் சுற்றுலா, சபரிமலை சீசன், அரையாண்டு விடுமுறை எல்லாமே வருகின்றன. ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சென்னைப் பக்கம் முட்டுக்காடு எம்ஜிஎம், விஜிபி தீம் பார்க்குகள், மாமல்லபுரம் என்று குடும்பத்தோடு கிளம்பும் காலமும் இதுதான்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல், திட்டமிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நல்ல உதாரணம். வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே அது நாள்கணக்கில் இழுத்தடித்தது. புயலாகுமா, ஆகாதா என்று கணிப்புகள் மாறி மாறி வந்தன. கடைசியில் நவம்பர் 29 பிற்பகலில்தான் புயலாகிப் பெயர் பெற்றது. மறுநாள் நண்பகலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. டிசம்பர் 1 அதிகாலை 4 மணிக்குத்தான் திறந்தது. புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று பெய்ததில், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, தென்மாவட்ட ரயில்கள் தடைபட்டன.

அதோடும் முடியவில்லை. வலுவிழந்த ஃபெஞ்சல் மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக வந்தது. கடலோரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. தொலைக்காட்சியில் ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற செய்தியைப் பார்த்து நிம்மதியாக ஏற்காட்டுக்கு அறை போட்டிருந்தவர்களுக்கு, தொல்லை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. கரையேறிய புயலுக்குக் காற்றின் வேகம் குறையும். மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் புயல் என்ற பெயரும் போய்விடும். ஆனால் அது கடலிலிருந்து சுமந்து வந்த ஈரம் போவதில்லை. அந்த ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. ஏற்காடும் கொடைக்கானலும் நீலகிரியும் கொங்கு மக்களின் உல்லாசத் தலங்கள். ஈரக்காற்றை வழிமறிப்பவையும் அந்த மலைகள்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல் வழியாக மேற்கே போனபோது கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன.

நீலகிரி இதைவிடக் கொடுமையைப் பார்த்திருக்கிறது. 2009 நவம்பர் 10-ஆம் தேதியை ஒட்டி, பிறகு அரபிக் கடலில் பியான் புயலாக மாறிய காற்றழுத்தத் தாழ்வு தமிழகத்தைத் தாண்டிப் போன சமயம், கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பெய்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் பாதையும் சிதைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். இதில் ஏதாவது ஓரிடத்தில் ஒரு பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுந்தாலும் ரயில் நிற்கும். 2023 நவம்பரிலும் கல்லாறு – குன்னூர் இடையே மண்சரிவால் மலை ரயில் நிறுத்தப்பட்டது.

மலைக்குப் போக முடியவில்லை என்றால் அடிவாரத்திலேயே பிள்ளைகளைக் குஷிப்படுத்தலாம் என்று சிலர் நினைப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம் இருக்கின்றன. ஆனால் எந்தத் தீம் பார்க்கிலும் இடி மின்னலும் பலத்த காற்றும் வந்தால் முதலில் நிற்பவை உயரமான சறுக்குகளும் ராட்டினங்களும்தான். நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டு ஷெட்டுக்கு அடியில் உட்கார்ந்து திரும்பும் நாளும் உண்டு. கோவைக் குற்றாலத்தில் நீர்வரத்து கூடினால் வனத்துறை அருவியை மூடிவிடும். உடுமலைப்பேட்டை அருகே திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவியிலும் இதே கட்டுப்பாடுதான். இதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் 2024 மே 17-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும்: தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம், குளித்துக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது.

உலகின் மிகப் பெரிய தீம் பார்க் நகரமான அமெரிக்காவின் ஆர்லாண்டோவும் கடலோரத்தில் இல்லை. ஆனாலும் 2017-இல் இர்மா, 2022-இல் இயன், 2024 அக்டோபரில் மில்டன் என்று புயல் வந்தபோதெல்லாம் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் வாசல் மூடப்பட்டது. புயலுக்காக மூடுவதை அங்கே யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. அதற்கென்று எழுதிவைத்த விதியே உண்டு. வருகைக்கு ஏழு நாளுக்குள் ஆர்லாண்டோவுக்கோ, விருந்தினரின் சொந்த ஊருக்கோ அமெரிக்கப் புயல் மையம் எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னியிடம் நேரடியாக எடுத்த பெரும்பாலான பேக்கேஜ்களை அதன் கட்டணம் எதுவும் இல்லாமல் தேதி மாற்றலாம், ரத்தும் செய்யலாம். சொந்த ஊரையும் சேர்த்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது. போகும் இடம் நன்றாக இருந்தாலும், கிளம்பும் இடம் தண்ணீரில் நின்றால் பயணம் நடக்காது.

நடுவழியில் விமானம் மாறும் ஊரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சீரழித்தபோது, துபாயிலிருந்து கொழும்பு வழியாக ஊர் திரும்பிய தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் விமான நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். இந்திய விமானப்படை விமானங்கள் போய்த்தான் அங்கே தவித்த இந்தியர்களை அழைத்து வந்தன.

சரி, போட்ட பணம் திரும்புமா? ரயில் முழுவதுமாக ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குக் கட்டணம் தானாகவே வந்து சேரும். கவுண்டரில் எடுத்ததை மூன்று நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது கிளம்பும் முன் டிடிஆர் (பணம் திரும்பக் கோரும் விண்ணப்பம்) பதிவு செய்து முழுத் தொகை கேட்கலாம். பலர் செய்யும் அவசரம், ரயில்வே அறிவிக்கும் முன்பே தாங்களாக டிக்கெட்டை ரத்து செய்வது. அப்போது வழக்கமான பிடித்தம் உண்டு. விமானம் ரத்தானால், பணத்தைத் திருப்பித் தருவது அல்லது வேறு விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் கடமை. ஆனால் வானிலை காரணம் என்பதால் தனி நஷ்ட ஈடு எதிர்பார்க்க முடியாது. ஓட்டல், ரிசார்ட், பார்க் டிக்கெட்டுகளுக்கு இப்படிப் பொது விதி இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பயணக் காப்பீடும் புயல் செய்தி வந்த பிறகு எடுத்தால் பெரும்பாலும் உதவாது.

கிளம்பும் முன் எச்சரிக்கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-க்கு மேல் மழைக்கு வாய்ப்பு என்று பொருள். 2024 மே மாதத்தில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, 18 முதல் 20 வரை நீலகிரிக்கு வர வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகமே கேட்டுக்கொண்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது இ-பாஸ் கட்டாயம். ஆனால் கையில் இ-பாஸ் இருப்பது சாலை திறந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நவம்பரிலும் டிசம்பரிலும் ஊர் சுற்றத் திட்டமிடுகிறவர்கள், தேதி மாற்ற இடம் தரும் அறையாகப் பார்த்து எடுங்கள். திரும்பி வருவதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புயல் கரை கடந்த பிறகும் இரண்டு நாள் பொறுத்து, பாதை திறந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு மலையேறுங்கள்.