கோஹிமா மலைப்பாதையில்

வடகிழக்கில் மறைப்பணியாற்றும் குருமட நண்பரின் அழைப்பைப் பல்லாண்டுகள் தட்டிக் கழித்தபின், கார்த்திகை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் டிமாபூர் இரயில் நிலையத்தில் இறங்கினேன். நாகாலாந்திற்குள் நுழைய நம் நாட்டவரும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். செல்ல விரும்பும் குடும்பங்கள் இதை மறவாதிருப்பது நலம்.

அங்கிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர். சமவெளியில் செல்லும் சாலை, சுமோகெடிமாவைக் கடந்ததும் மலையேறத் தொடங்கி, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திற்கு நம்மைக் கொண்டு செல்கிறது. வழியில் ஒரு பகுதிக்குப் 'பாகலா பஹார்', அதாவது பைத்தியக்கார மலை என்று பெயர். எப்போது கல் உருளும் என்று எவருக்கும் தெரியாது. 2023 ஜூலையில் சுமோகெடிமா அருகே உருண்ட பாறை, வாகனங்களை நசுக்கி உயிர்களைப் பறித்தது. அவ்விடத்தில் எங்கள் ஓட்டுநர் பேச்சை நிறுத்தினார். நானும் செபமாலையைக் கையிலெடுத்தேன் என்பதை மறைப்பானேன்?

அச்சம் கடந்ததும் அழகு விரிந்தது. மூங்கிற் புதர்கள், பனி தவழும் பள்ளத்தாக்குகள், அறுவடை முடிந்து பொன்னிறமாய்க் கிடந்த படிக்கட்டு வயல்கள். அங்காமி நாகர் தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவை வெட்டிச் சமைத்தவை அவ்வயல்கள். கோஹிமாவிற்குத் தெற்கே 3,048 மீட்டர் உயர ஜாப்பூ சிகரம் நீலமாய் நிற்கிறது. அதற்கப்பால் உள்ள ஜூகோ பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் லில்லி மலர்கள் பூக்குமாம். நான் சென்றது அதற்கான பருவமன்று.

இச்சாலைக்காகவே 1944இல் பெரும்போர் நடந்தது. பர்மாவிலிருந்து மலைகளைக் கடந்து வந்த ஜப்பானியரின் 31ஆம் டிவிஷன், ஏப்ரல் 4 அன்று கோஹிமாவைத் தாக்கியது. கோஹிமா வீழ்ந்தால் டிமாபூரின் இரயில் பாதையும் இராணுவக் கிடங்குகளும் எதிரியின் கைக்கு எட்டிவிடும். ஆங்கிலேயரும் இந்தியருமாகச் சுமார் 1,500 போர்வீரரே அம்மலைமுகட்டைக் காத்தனர். தண்ணீர் வரும் வழியை எதிரிகள் கைப்பற்றிவிட்டனர். காயமுற்றோர் திறந்த குழிகளில் கிடந்து மீண்டும் குண்டடி பட்டனர். துணை ஆணையரின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்தின் இருபுறமும் இரு படைகளும் பதுங்கி, ஒன்றன்மீது மற்றொன்று கையெறி குண்டுகளை வீசின.

தாக்கியவரின் நிலையும் பரிதாபமே. ஏறத்தாழ மூன்று வார உணவோடு வந்தவர்கள் இரு மாதங்கள் போரிட்டனர். தம் வீரர் பட்டினியால் சாவதைக் கண்ட தளபதி சாட்டோ, மே இறுதியில் மேலிடத்துக் கட்டளையை மீறிப் பின்வாங்கினார். அக்கீழ்ப்படியாமையை நான் குறைகூற மாட்டேன். திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஏராளம்.

மைதானம் இருந்த அச்சரிவே இன்று கல்லறைத் தோட்டம். அதன் எல்லைக்கோடுகளை இன்றும் காணலாம். அங்கு 1,420 கல்லறைகள் உள்ளன. தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்கள் தனி நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கற்களிலுள்ள வயதைப் படித்துக்கொண்டே சென்றேன். நம் பங்கின் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகளின் வயதுதான். படைகளுக்கு வழிகாட்டி, காயமுற்றோரைச் சுமந்து, தம் வீடுகளையும் இழந்த நாகரைப் பற்றிப் போர் நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

அத்தோட்டத்தில் ஜப்பானியருக்குக் கல்லறை இல்லை. ஆயினும் ஆராதுரா குன்றின்மேல், கிறிஸ்தவர்களின் சகாய அன்னையின் பேராலயம் நாகர் வீட்டின் சாயலில் எழுந்து நிற்கிறது. அதைக் கட்ட நிதி தந்தவர்களுள், அங்கு மாண்ட ஜப்பானிய வீரரின் உறவினரும் உண்டு. உள்ளே மரத்தில் செதுக்கிய பெரிய பாடுபட்ட சுரூபம் இருக்கிறது. மறுநாள் அதன்முன், நண்பரோடு திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். இறந்தோர் நினைவின்போது எந்தப் பக்கத்தாரை முதலில் நினைப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். பின் எவரையும் பிரிக்காமல் செபித்தேன்.

இம்பால்வரை செல்வதே எங்கள் திட்டம். டிமாபூரிலிருந்து 109ஆம் மைல்கல்லில், 1944 ஜூன் 22 அன்று, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த நேசப்படைகள் சந்தித்துச் சாலையைத் திறந்தன. அதைக் காண ஆவலாயிருந்தேன். ஆனால் 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தெய் மக்களுக்கும் குக்கி மக்களுக்குமிடையே மூண்ட கலவரத்திற்குப் பின், அப்பாதையில் போக்குவரத்து பலமுறை தடைப்பட்டிருந்தது. நண்பர் வேண்டாமென்று தலையசைத்தார். வந்த வழியே டிமாபூருக்கு இறங்கினோம்.