கல்லூரி இணையப்பக்கங்களின் அணுகல்தன்மை

கல்லூரி இணையப்பக்கங்களின் அணுகல்தன்மை என்பது, பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் ஒரு கல்லூரியின் இணையப்பக்கத்தைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி அதை வடிவமைப்பதாகும்.

பயனர்களும் தேவைகளும்

கல்லூரிப் பக்கத்துக்கு வருபவர்கள் யார் என்பது முன்பே தெரிந்ததுதான்: சேர்க்கை நாடுவோர், பெற்றோர், பயிலும் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள். அவர்கள் தேடுவனவும் சிலவே: விண்ணப்பிக்கக் கடைசி நாள், கட்டணம், தேர்வு அட்டவணை, முடிவுகள். பலர் கைப்பேசியில் பார்ப்பார்கள். எனவே வடிவமைப்பில் முதலிடம் பெற வேண்டியவை இத்தகவல்களே. கட்டடப் படங்களும் ஓடும் எழுத்துகளும் அல்ல.

படமாக இடப்படும் அறிவிப்புகள்

பார்வையற்றோர் திரைபடிப்பி என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அது திரையில் உள்ள உரையை ஒலியாக மாற்றிப் படிக்கும். என்விடிஏ என்ற திரைபடிப்பி இலவசமாகக் கிடைக்கிறது; அதைக் கொண்டு தமிழையும் படிக்கச் செய்யலாம். ஆனால் கையொப்பமிட்ட சுற்றறிக்கையை வருடி அப்படியே பிடிஎஃப் கோப்பாக இட்டால், அது எழுத்து அன்று, படம். திரைபடிப்பிக்கு அதில் படிக்க எதுவும் இராது. அறிவிப்பை உரையாகத் தட்டச்சு செய்து, வருடிய கோப்பைத் துணையாக இணைப்பதே சரியான முறை. பொருள் தரும் படங்களுக்கு மாற்று உரை எழுத வேண்டும்.

தமிழ் எழுத்துருச் சிக்கல்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமைந்துள்ளன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது பொருளற்ற ஆங்கிலம். திரைபடிப்பி அப்படியே உளறும், தேடுபொறியும் கண்டறியாது. ஒருங்குறியே இதற்குத் தீர்வு. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தர நிலையாக ஏற்றது. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்டிஎம்எல் குறியீட்டிலும் குறிப்பிட வேண்டும்.

தர நிலைகள்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை 1999-இல் முதலில் வெளியிட்டது. அவற்றின் 2.0 பதிப்பு 2008-இலும், 2.1 பதிப்பு 2018-இலும், 2.2 பதிப்பு 2023-இலும் வந்தன. 2.0 பதிப்பு முதல் அவை நான்கு கொள்கைகளின் கீழ் அமைந்துள்ளன: உள்ளடக்கம் உணரத்தக்கதாகவும், இயக்கத்தக்கதாகவும், புரியத்தக்கதாகவும், பல கருவிகளிலும் நிலைத்து இயங்குவதாகவும் இருக்க வேண்டும். இவற்றின் இரண்டாம் நிலையின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும்.

சட்டமும் நடைமுறையும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை, வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடு உடையோருக்கு ஒதுக்கச் சொல்கிறது. சேர்க்கை அறிவிப்பையே படிக்க முடியாவிட்டால், ஒதுக்கிய இடத்துக்கு உரியவர் கடைசி நாளைத் தவறவிடக்கூடும்.

எளிய சோதனைகள்

- சுட்டியைத் தொடாமல், தாவல் விசையால் மட்டும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பார்த்தல்.
- பக்கத்தில் "கட்டணம்" என்று தேடுதல். கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் அகப்படாவிட்டால், அது படமாகவோ பழைய எழுத்துருவிலோ இருக்கலாம்.
- "இங்கே சொடுக்கவும்" என்பதற்குப் பதிலாக "விடுதி விண்ணப்பம்" என இணைப்புகளுக்குப் பெயரிடுதல்.
- காணொளிப் பாடங்களை ஒலியின்றிப் பார்த்து, துணையுரை உள்ளதா என அறிதல்.

இச்சோதனைகள் தொடக்கம் மட்டுமே. திரைபடிப்பி பயன்படுத்தும் மாணவர் ஒருவரையே பக்கத்தைச் சோதிக்கச் சொல்வது, பிறர் கண்ணுக்குத் தப்பும் குறைகளையும் காட்டிவிடும்.